வாத்துக்கறிப் பிரசங்கம்

சபை மூப்பர் ஸரீஃப் தன் கையாலேயே இரண்டாவது வாத்துத் தொடையையும் எடுத்துத் தட்டில் வைத்தபோதுதான் நஷாத்துக்குச் சந்தேகம் தட்டியது. போன வாரம் இதே வீட்டில் கிடைத்தது ரொட்டியும் உப்புக் கரிக்கும் பாலாடைக்கட்டியும்தான். ஒரு வாரத்துக்குள் இந்த மனுஷனுக்கு அப்படி என்ன உபகாரம் செய்துவிட்டோம்?

கெய்ரோவில் இறையியல் படிக்கிற அவனை மல்லவிப் பக்கத்துக் கரும்புக்காட்டு ஊருக்கு வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். இந்த வாரம் எந்த வேதப் பகுதி என்று மூப்பர் போனில் விசாரித்திருந்தார். சொத்தில் பங்கு தரும்படி தன் சகோதரனுக்குச் சொல்லுங்கள் என்று ஒருவன் இயேசுவிடம் வந்து நிற்கிற பகுதி என்றான் நஷாத். மறுமுனையில் மூப்பர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்டுலதான்" என்று குரல் குழைந்தது.

"எங்கயோ ஒரு ஊர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரு" என்று ஆரம்பித்தார் மூப்பர். "வருஷா வருஷம் உழும்போது தம்பிக்காரன் ஒரு சாண் அண்ணன் பக்கம் தள்ளி உழுவானாம். ஆறே வருஷம். வரப்பு எங்க போச்சுன்னே தெரியல."

"எந்த ஊரு மூப்பரே?"

"அது தூரத்துல. நீ சாப்பிடு."

அந்த 'தூரத்துல' நஷாத்தின் காதில் ஒட்டவே இல்லை. ஆனால் பேராசிரியர் ஃபக்ரி தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்: புத்தகக் கதை வேண்டாம், கேட்கிறவர்கள் மிதிக்கிற மண்ணிலிருந்து உதாரணம் எடு. போன வருஷம் இந்தப் பாடத்தில் கோட்டை விட்டிருந்தான். இன்று மூப்பர் நிரப்பித் தரும் மதிப்பெண் தாளிலும் தேறாவிட்டால் படிப்போடு சரி, போதகராகப் போகச் சபை கிடையாது. மூப்பர் சொன்ன கதை, மூப்பர் போடும் மார்க். வாயை மூடிக்கொண்டு கதையைக் குறித்துக்கொண்டான்.

சாயங்காலம் ஆலயம் நிறைந்திருந்தது. "ஒரு தம்பி, வருஷத்துக்கு ஒரு சாண்" என்று அவன் சொன்னதுமே பெண்கள் பக்கம் விசிறிகள் நின்றன. தலைகள் ஒவ்வொன்றாக மூன்றாவது பெஞ்சுக்குத் திரும்பின. அங்கே ஸரீஃபின் தம்பி லமயீ உட்கார்ந்திருந்தார். அவரும் சபையில் ஒரு மூப்பர். முகம் செங்கல்லாகச் சிவந்துவிட்டது.

"யாரு வீட்டுல சாப்பாடு?" என்று ஒருத்தி கேட்டது பிரசங்க மேடைவரை வந்தது.

"பெரிய மூப்பர் வீட்டுல. வாத்து."

"அதான பாத்தேன்!"

பிரசங்கியார் எங்கே சாப்பிட்டார் என்று கேட்டுவிட்டுத்தான் இந்த ஊர் பிரசங்கத்தையே கேட்கும். எந்த வகுப்பிலும் இதைச் சொல்லித் தரவில்லை. முன்வரிசையில் ஸரீஃப் கண்ணை மூடிக்கொண்டு உரக்க "ஆமென்" போட்டார்.

நஷாத் குனிந்து வேதாகமத்தைப் பார்த்தான். உங்களுக்கு நடுவே பஞ்சாயத்து பண்ண நானா வந்தேன் என்று இயேசு கையை உதறிவிடுகிறார். பேராசையைப் பற்றி எச்சரிக்கிறார். இதைப் பற்றிப் பதினோரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டு, போயும் போயும் இதே பஞ்சாயத்தில் போய் உட்கார்ந்திருக்கிறோமே! வெட்கம் பிடுங்கித் தின்றது. பிரசங்கத் தாள்களை மடித்து வைத்தான்.

"இயேசு மாட்டேன்னுட்டாரு. நான் சாப்பிட்டுட்டு சரின்னுட்டேன்" என்றான். "தூரத்து ஊர்க் கதைன்னாங்க. நான் நம்பல. நம்பாமலேதான் சொன்னேன், மார்க்குக்காக. இந்தப் பகுதியில வர்ற பேராசைக்காரன் இன்னிக்கு இங்க நிக்கிறான். மன்னிச்சிடுங்க லமயீ மூப்பரே."

முன்வரிசையில் ஸரீஃபின் கண் திறந்துகொண்டது.

வாசலில் ஸரீஃப் மதிப்பெண் தாளை அவன் நெஞ்சில் அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். 'பிரசங்கத்துக்குத் தகுதியில்லை' என்று பேனா கிழிய எழுதியிருந்தது.

பின்னாலேயே லமயீ வந்து தாளைப் பிடுங்கிப் படித்தார். தோளில் கை போட்டார். "கவலப்படாத தம்பி. எந்த மூப்பர் கையெழுத்தும் செல்லும். வேற தாள் குடு, நூத்துக்கு நூறு போடறேன்." குரல் தாழ்ந்தது. "அடுத்த வெள்ளி நம்ம வீட்டுல ஆடு. கிணத்து விஷயத்துல எங்கண்ணன் பண்ணின வேலைய நீ இன்னும் கேக்கலையே?"

நஷாத் பழைய தாளைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"இதுவே இருக்கட்டும் மூப்பரே. இன்னிக்கு உங்கண்ணன் உண்மையத்தான் எழுதியிருக்காரு."