அடுத்த கூடை துரையின் முறை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யைச் சொன்னவன் நான். அச்சடித்து விற்றவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்கு இதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

1953-இல் நான் ஒரு மாலைப் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். விளையாட்டு என்றால் எங்கள் ஆசிரியருக்குக் கிரிக்கெட். அது இல்லாத நாளில் குதிரைப் பந்தயம். குதிரைக்கும் ஓய்வு கிடைத்த நாளில்தான் கூடைப்பந்து, அதுவும் அரைப் பத்தி.

இப்போது மூன்று வருடம் கழித்து அப்படியொரு அரைப் பத்தியையே கதையாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதல் வாக்கியம் இப்படி வந்தது:

'ராயபுரம் கடற்கரையில் அலைகள் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்த ஒரு பொன்மாலைப் பொழுதில், ஐந்து வாலிபர்கள்'

அடித்துவிட்டேன். ராயபுரத்தில் மாலைப்பொழுது பொன்னாக இருந்து நான் பார்த்ததில்லை. கரித்தூளாகத்தான் இருக்கும். அலை ஆர்ப்பரித்தாலும் ரயில் யார்டு சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

இரண்டாவது:

'உழைக்கும் கரங்களின் ஒவ்வொரு வியர்வைத் துளியும்'

இதையும் அடித்தேன். வியர்வைத் துளி என்று எழுதுகிற யாரும் ஒரு சோப்புப் பெட்டியைக் கூடத் தூக்கியதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2

சரி, நேராகச் சொல்கிறேன்.

அந்த வருடக் கூடைப்பந்துப் போட்டியில் எட்டு அணிகள் ஒன்றோடொன்று ஆட வேண்டும். கடைசி நேரத்தில் ஒன்று விலகிக்கொண்டது. காலி இடத்தை அடைக்க ராயபுரம் மாதாகோயில் பின்னால் மண் திடலில் ஆடிக்கொண்டிருந்த ஐந்து பேரைக் கூப்பிட்டார்கள். கல்யாணப் பந்தியில் இலை மீந்தால் தெருவில் போகிறவனைக் கூப்பிடுவார்களே, அந்த மரியாதைதான். அம்புரோஸ், துரை, மஜீது, லூயிஸ், தாமஸ். ஐவரும் ஒரே கோஷ்டியில் கூலிகள். காலையில் துறைமுக வாசலில் நிற்பார்கள். பேர் கூப்பிட்டால் வேலை, இல்லாவிட்டால் வெறுங்கையோடு வீடு. வெல்ல மண்டி தவசிமுத்து அண்ணாச்சி அவர்களுக்குப் பனியன் எடுத்துக் கொடுத்தார். 'எப்படியும் தோக்கத்தான் போறானுவ, மலிவா எடும்வே' என்று ஜவுளிக்கடையில் சொன்னாராம்.

முதல் ஆட்டத்தில் கல்லூரி அணியை 24–15 என்று ஜெயித்தார்கள். வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்ட பிள்ளைகள், வெறுங்கால்களிடம் தோற்றுவிட்டு, தரை சரியில்லை என்றார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இரண்டாவது ஆட்டம் பாங்க் குமாஸ்தாக்கள், அவர்களும் காலி. மூன்றாவதும் ஜெயித்தார்கள். நான்காவதும் ஜெயித்த அன்று அண்ணாச்சி, 'நம்ம பயலுவளை எனக்கு மொதல்லயே தெரியும்' என்றார்.

எப்படி ஜெயித்தார்கள் என்று போட்டிக் கமிட்டியில் யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, லூயிஸ் சொன்னதால்.

கிடங்கிலிருந்து லாரிக்குப் பெட்டி ஏற்றும்போது ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். பெட்டி கை மாறிக் கை மாறிப் போகும். கடைசி ஆள் அதைத் தலைக்கு மேல் தூக்கி லாரியில் போட வேண்டும். தோள்பட்டை போவது அவனுக்குத்தான். அதனால் பத்துப் பெட்டிக்கு ஒரு முறை கடைசி ஆள் மாறுவான். ஒருவனே கடைசியில் நின்றால் செத்துப்போவான் என்பது கோஷ்டிச் சட்டம்.

கூடைப்பந்தையும் அவர்கள் அப்படித்தான் ஆடினார்கள். கூடையில் போடுவது பெருமை என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது கடைசி ஆளின் கஷ்டம், ஆகவே முறை வைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். 'அம்புரோஸ் போட்டா அட்த்தது துரை. துரை போட்டா அட்த்தது மஜீது. ஒர்த்தனே போட்டுகினு இருந்தா தோளு இன்னாத்துக்கு ஆவும் சார்?' என்றான் லூயிஸ்.

எதிரணியோ, கூடை போட்டவனையே அடுத்த முறையும் சுற்றி வளைத்தார்கள். அவன் அடுத்த நாலு கூடைக்குப் போடவே மாட்டான் என்று அந்தப் படித்த மண்டைகளுக்கு எட்டவில்லை.

(வாசகருக்கு: இது தந்திரம் இல்லை. தந்திரம் என்று கமிட்டிச் செயலாளர் பாராட்டினார். பாராட்டு வாங்கிய பிறகும் அவர்களுக்கு எதற்கு என்று தெரியவில்லை.)

3

நான்காவது வெற்றியை எழுதிக்கொண்டு போனேன். ஆசிரியர் படித்துவிட்டு, 'இதில் ஹீரோ யார்?' என்றார்.

'ஐந்து பேர்' என்றேன்.

'ஐந்து பேர் ஜெயித்தார்கள் என்பது கணக்கு. ஒருவன் ஜெயித்தான் என்றால்தான் செய்தி.'

எனக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. மஜீது, தாமஸ், லூயிஸ் பெயர்கள் ஏனோ மனசில் நிற்கவில்லை. துரை என்று தலைப்புப் போட்டால் யாரோ வெள்ளைக்காரனைப் பற்றி என்று நினைத்துவிடுவார்கள். அம்புரோஸ் எடுப்பாக இருந்தது. 'ராயபுரத்தின் புயல் அம்புரோஸ்' என்று எழுதினேன். ஒரு மனிதனின் பிழைப்பை இவ்வளவு அலட்சியமாக முடிவு செய்தேன். இதில் என்ன எழுத்துக் கலை இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

4

மூன்றாம் நாள் அம்புரோஸ் ஆபீசுக்கு வந்து நின்றான். அந்தப் பத்திரிகையை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

'சார், திருவொத்தியூர்ல ஒரு கம்பெனி. இத்தப் பட்ச்சிட்டு அங்க பெரிய சார் ஆள் அனுப்பிச்சாரு. வர ஞாயித்துக்கெயமை ஆட்டத்துக்கு வராராம். அவங்க டீமுக்கு ஒரு ஆள் வேணுமாம், நல்லா கூடை போடற ஆளு. நெரந்தர வேலை.'

'நல்லதுதானே.'

'நான் அஞ்சுல ஒர்த்தன் சார். உனக்கே தெரியும். அவருகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லு.'

'சொன்னால் அவர் வரவே மாட்டார்.'

அவன் பத்திரிகையை எடுத்துப் பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்தான். பிறகு, 'வூட்ல எல்சிக்கு எட்டு மாசம். மொதல் கொயந்த தங்கல. கம்பெனிக்காரனுக்கு ஆஸ்பத்திரி கீது' என்றான். 'சொல்ல வாணாம் சார்.'

(இங்கே ஒரு சந்தேகம். அம்புரோஸை நான் ரொம்ப நல்லவனாக்குகிறேனோ? இல்லை. 'புயல்' என்ற சொல்லை அவன் இரண்டு தடவை தடவிப் பார்த்ததை நான் கவனித்தேன். வேலை மட்டும் இல்லை, அந்தச் சொல்லும் அவனுக்கு வேண்டியிருந்தது. எனக்கு அவன் மேல் கோபம் இல்லை, என் மேல்தான்.)

சனிக்கிழமை மற்ற நான்கு பேரும் கூடிப் பேசினார்கள். 'நாளிக்கு மட்டும் முறை வாணாம். எல்லாப் பந்தும் அவன் கைக்கே போவட்டும்' என்றான் மஜீது. லூயிசும் தாமசும் சரி என்றார்கள். துரை பீடியை அணைத்துவிட்டுக் கடைசியாகத்தான் வாயைத் திறந்தான். அவனுக்கும் வாசலில் பேர் கூப்பிடாத நாட்கள் உண்டு. மூன்று பிள்ளைகள் வேறு.

'என் முறையும் அவனே எட்த்துக்கட்டும்' என்றான்.

'துரையின் முகத்தில் ஒரு தியாகச் சுடர்' — அடித்துவிட்டேன். சுடர் கிடர் ஒன்றும் இல்லை. வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னான்.

5

ஞாயிறு ஆட்டம். எதிரணியும் பத்திரிகை படித்திருந்தது. ஆரம்பத்திலிருந்தே அம்புரோஸ் மேல் இரண்டு பேர், பிறகு மூன்று பேர். முறையில்லாத ஆட்டம் அவர்களுக்கு வரவில்லை. பந்து வழக்கப்படி துரையிடம் போகும். அவன் கூடையைப் பார்ப்பான். ஞாபகம் வந்து அம்புரோஸிடம் திருப்பி எறிவான். நாலு ஆட்டமாக நான் பார்த்து வியந்த அந்த அணி, என்னுடைய ஒரு தலைப்பில் நொண்டிக்கொண்டிருந்தது.

கம்பெனி அதிகாரி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி அவருக்கு சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வேலிக்கு வெளியே பெண்கள் நின்றார்கள். எல்சியும் துரையின் மனைவி ரோசியும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரே இடத்தில் நின்றார்கள்.

18–19. ஒரு புள்ளி பின்னால். அரை நிமிஷம்கூட இல்லை. பந்து அம்புரோஸ் கையில், அவனைச் சுற்றி மூன்று பேர். துரை கூடைக்குக் கீழே தனியாக நின்றான். அவனைப் பார்க்க ஆள் இல்லை. பழக்கத்தில் இரண்டு கையும் மேலே போயிருந்தன. முறைப்படி பார்த்தால் அந்தக் கூடை அவனுடையதுதான்.

6

முடிவுகள்:

அ) அம்புரோஸ் எறிந்தான். விழுந்தது. புயல், வேலை, ஆஸ்பத்திரி. இது சினிமா முடிவு; கை தட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

ஆ) அம்புரோஸ் பந்தைத் துரையிடம் கொடுத்தான். துரை போட்டான். அதிகாரி எழுந்து வந்து துரையின் கையைப் பிடித்தார். இது மாத இதழ் முடிவு. கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போகலாம்.

இ) திடீரென்று மழை (சீ).

இந்த மூன்றில் ஒன்று நடந்தது. ஐந்து பேரில் ஒருவன் கம்பெனியில் நிரந்தரமானான். மற்ற நால்வர் அதற்கப்புறம் ஆடவே இல்லை.

எதை எழுதுவது என்று கேட்கப் போன வாரம் ராயபுரம் போனேன். அனுமதி கேட்கும் நல்ல புத்தி எனக்கு மூன்று வருடம் தாமதமாக வந்தது. எல்சி குழாயடியில் இருந்தாள். பக்கத்தில் ரோசியின் குடம் வரிசையில் இருந்தது, ரோசி இல்லை. விஷயத்தைச் சொன்னேன். அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

'ஒருக்கா எய்தினியே, போதாதா சார்?'

'இந்தத் தடவை உண்மையை எழுதுகிறேன்.'

'உண்மை தெருவுக்கே தெரியும். தெரு இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா மறந்துகினு வருது. அவரு போட்டாருன்னு எய்தினா ரோசி என் மூஞ்சில முயிக்க மாட்டா. குட்த்தாருன்னு எய்தினா நான் அவரு மூஞ்சில முயிக்க மாட்டேன். நெஞ்சில கீறது நெஞ்சிலயே கீட்டும். நீ காயிதத்துல போடாத.'

அதற்குள் ரோசி வந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள், யார் என்று தெரிந்துகொண்டாள். எல்சி நகர்ந்து அவளுக்குக் குழாயை விட்டாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ரோசியின் குடத்தைச் சேர்ந்து தூக்கி இடுப்பில் ஏற்றினார்கள்.

ஆகையால் பந்தை நான் அம்புரோஸ் கையிலேயே விட்டுவிடுகிறேன். யார் ஜெயித்தது என்று தெரியாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காது என்று எனக்குத் தெரியும். உங்களுக்காகத்தான் அன்றைக்கு அந்தத் தலைப்பே போட்டேன். இந்த முறை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். முடித்த பிறகு, தயவுசெய்து, அந்தக் குழாயடிப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.