எழுந்து நின்று நிறைவேற்றிய தீர்மானம்

1911 மார்ச். எங்கள் மாநிலச் சட்டசபையின் கடைசி நாள். பகல் பன்னிரண்டு மணிக்குக் கூட்டத்தொடர் முடிந்தாக வேண்டும். நிறைவேறிய தீர்மானங்களைத் தடித்த தாளில் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்த முறை நூற்றுப் பதினான்கு எழுதியிருந்தேன். மாநிலத்தின் மலர் எது என்று ஒன்று. பேஸ்பால் அணிக்குப் பாராட்டு ஒன்று. சபாநாயகர் மகளின் கல்யாணத்துக்கு வாழ்த்துகூட ஒன்று.

நூற்றுப் பதினைந்தாவது, டிசம்பரில் நிலக்கரிச் சுரங்கத் தீயில் இறந்த முப்பத்தோரு பேருக்கு அனுதாபம். அதை வாங்கிக்கொள்ள குவென் ப்ரோபர்ட் என்ற பெண்மணியை வரவழைத்திருந்தார்கள். இறந்தவர்களில் ஒருவன் அவளுடைய மகன் எம்ரிஸ். கணவர் இட்ரிஸ் இன்னும் அதே சுரங்கத்தில் இறங்குகிறார். வேலையை விட்டால் கம்பெனி வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அவள் வந்தது அனுதாபத்துக்காக அல்ல. அந்தச் சுரங்கத்துக்கு ஒரே வாசல்தான். அது எரிந்ததால்தான் அத்தனை பேரும் போனார்கள். எல்லாச் சுரங்கத்துக்கும் இரண்டாவது வாசல் வேண்டும் என்ற மசோதா மேலவையில் நிறைவேறிவிட்டது. எங்கள் அவையின் குழுவில் ஏழு வாரமாகக் கிடந்தது. அதை எடுக்கச் சொல்லத்தான் அவள் ரயிலேறி வந்திருந்தாள்.

அந்தக் குழுவின் தலைவர் பீம்ஸ் தீர்மானத்தை உருக்கமாக வாசித்தார். முப்பத்தோரு சவப்பெட்டிகளையும் தன் செலவிலேயே செய்து கொடுத்த கம்பெனியின் பெருந்தன்மைக்கு அதில் நன்றியும் இருந்தது. எல்லாரும் எழுந்து நின்று தலைகுனிந்தார்கள். பிறகு கை தட்டினார்கள்.

"எதுக்குக் கை தட்டுறீங்க?" என்றாள் குவென். "சவப்பெட்டி நல்லா இருந்துச்சுன்னா?"

கைதட்டல் பாதியில் நின்றது.

"அம்மா, உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது..." என்று ஆரம்பித்தார் பீம்ஸ்.

"புரியலீங்க ஐயா. என் வீட்டுக்காரர் இப்போ, இந்த நிமிஷம், அந்தக் குழிக்குள்ளதான் இருக்காரு. எந்திரிச்சு நிக்கத் தெரிஞ்ச உங்களுக்கு ஒரு கையைத் தூக்கத் தெரியாதா?"

"நேரம் இல்லம்மா. மணியைப் பாருங்க."

மணி பதினொன்று ஐம்பது. அப்போதுதான் ரயில் கம்பெனிக்காரர்களின் நிலத்துக்கு வரி குறைக்கும் மசோதா வந்தது. உடனே சபாநாயகர் வாயில்காவலர் எஸ்ராவுக்குச் சைகை காட்டினார். எஸ்ரா ஏணியில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தை நிறுத்தினார். கடைசி நாளில் வேலை மிஞ்சினால் இப்படிச் செய்வது எங்கள் சபையில் பழைய வழக்கம். முள் பன்னிரண்டைத் தொடாதவரை சபை கலையாது. வரி குறைக்க ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும், கையிலிருந்த மைப்புட்டியை யார் தலையிலாவது எறியத் தோன்றியது.

அது நிறைவேறியதும் சபாநாயகர், "எஸ்ரா, கடிகாரத்தை ஓட விடுப்பா" என்றார்.

எஸ்ரா ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். "முட்டி வலிக்குதுங்க."

"அப்ப வேற ஆளை ஏறச் சொல்லு!"

"ஏணி என் பொறுப்புங்க. விழுந்து வச்சா யார் பதில் சொல்றது? அப்புறம் அதுக்கும் ஒரு அனுதாபத் தீர்மானம் போடணும்."

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்கிடையில் குவெனின் ஊர் உறுப்பினர் லின்ட்ஸ்ட்ரம் எழுந்தார். ஏழு வாரமும் வாய் திறக்காதவர். "சபாநாயகர் அவர்களே, கடிகாரப்படி இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. சுரங்க மசோதாவைக் குழுவிலிருந்து எடுத்து ஓட்டுக்கு விடணும்."

பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். குவென் இருக்கைகளுக்கு நடுவே உள்ள வழியிலேயே நின்று ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். ஆதரவு நாற்பத்தொன்பது, எதிர்ப்பு நாற்பத்தொன்று. ஆளுநரும் கையெழுத்திடுவதாகச் சொல்லியிருந்தார். எஸ்ரா முட்டிவலி மறந்து மேலே ஏறிக் கடிகாரத்தை ஓட விட்டார். இறங்கியதும் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

வெளியே படிக்கட்டில் குவென் என்னிடம் கேட்டாள். "அப்ப நாளையிலிருந்து இன்னொரு வாசல் வெட்டுவாங்களா?"

இல்லை என்று தலையசைத்தேன். "சட்டம் அமலுக்கு வர தொண்ணூறு நாள் ஆகும்."

"தொண்ணூறு நாளா? அதுவரைக்கும் தீ காத்திருக்குமா?"

"நீங்க ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வந்துடுங்க. பின்னால ரெண்டு அறை சும்மாதான் கிடக்கு. மர அறுவைப் பட்டறையில ஆள் தேடுறாங்க."

அவள் அழவில்லை, கோபம்தான் பட்டாள். "நாங்க வந்துட்டா? குழியில இறங்குற மிச்சம் இருநூறு பேர்?"

எங்கள் பின்னால் வந்து நின்ற எஸ்ரா தொப்பியைத் தலையில் அழுத்தினார். "என் தெருவுல பதினாறு வீடு இருக்கும்மா. எனக்கும் இனிமே வேலை வெட்டி இல்ல. தங்க இடம் தருவாங்களான்னு கேட்டுப் பார்ப்போம்."

மூவரும் நடந்தோம். முதல் வீட்டுக்காரர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார். இரண்டாவது வீட்டில் மாவு ஒட்டிய கையோடு ஒருத்தி வந்து, முழுதும் கேட்டாள்.

"எத்தனை பேரு?" என்றாள். "குழந்தைங்க இருந்தாலும் பரவாயில்ல."