தகரச் சத்தத்துக்குள் ஒரு பூனை

பேருந்து நிலையத்தில் பத்தொன்பது வருஷமாக அறிவிப்புச் சொல்பவர் அவர். எல்லாருக்கும் மைக் அண்ணன். தன் பேச்சு தெளிவானது என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் கிடையாது.

விசாரணை கவுண்டருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த பெண்ணுக்கோ இரண்டே நாளில் தொண்டை கட்டிவிட்டது. அவர் பேசி முடிக்கும்போதெல்லாம் பத்துப் பேர் அவள் ஜன்னலுக்கு ஓடிவந்து, "இப்ப என்ன சொன்னாங்க?" என்றார்கள். அவளுக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள் மாடியில் இருந்த அவர் அறைக்கே போய்ச் சொல்லிவிட்டாள்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. நீங்க பேசுறது கீழ யாருக்கும் புரியல."

"முதல்ல காதை டாக்டர்கிட்ட காட்டும்மா. என் குரலைப் பதிவு பண்ணிப் போடவிட்டு, நானே கீழ நின்னு கேட்டிருக்கேன். எழுத்து எழுத்தா விழுது."

"அப்ப நான் பேசுறேன், நீங்க கேளுங்க."

மதியம் கூட்டம் குறைந்ததும் அவர் கீழே பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் அவரைப் போலவே மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்து, மளமளவென்று ஒரு வாக்கியம் சொன்னாள். தகரத்தில் கல் உருண்டது போல இருந்தது. ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

இறங்கி வந்து, தான் சொன்னதை எழுதிய துண்டுச்சீட்டு ஒன்றை நீட்டினாள். 'தையல்காரர் வீட்டுப் பூனை ஏணியில் படுத்திருக்கு.' திரும்ப மேலே போய் அதையே, அதே வேகத்தில் சொன்னாள்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். அதே தகரச் சத்தத்துக்குள் தையல்காரர் இருந்தார், ஏணி இருந்தது, பூனை அச்சு அசலாகப் படுத்திருந்தது!

"என்னம்மா மாயம் இது?"

"கரகரக்குற ரேடியோவில தெரிஞ்ச பாட்டு மட்டும் புரியும்ல, அது மாதிரிதாண்ணே. என்ன வரும்னு தெரிஞ்சா, காதுல விழாததையும் மூளை நிரப்பிக்கும். உங்க அறிவிப்பு உங்களுக்கு மனப்பாடம். புதுசா வர்றவங்களுக்கு?"

அவர் முகம் சுண்டிப்போனது. "அப்ப இத்தனை வருஷமா எனக்கு நானே பேசிட்டிருந்தேனா?" என்றார். சொன்ன மறுகணமே தொடையில் தட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

சாயங்காலம் மைக்கை ஒரு சாண் தள்ளிவைத்தார். நிறுத்தி நிதானமாகப் பேசிப் பழகினார். அவளுக்கும் தெரியாத வாக்கியமாக இருந்தால்தானே பரிசோதனை? அவள் பெஞ்சில் கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

"பயணிகள் கவனத்திற்கு. விசாரணை கவுண்டர்ல இருக்கிற அம்மா... பேனா மூடியை... கடிச்சே தீர்த்துட்டாங்க."

நடைமேடை முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் அவள் கையிலிருந்த, மூடி கடிபட்ட பேனாவைப் பார்த்து, "நீங்கதானாம்மா அது?" என்றார்.

மாடி ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. "புரிஞ்சுதா?"

"ஊருக்கே புரிஞ்சிடுச்சு, போதும்ணே!" என்று முகத்தைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.