முழங்காலுக்கு முப்பது டிகிரி

பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்துகொண்டு நீச்சல் குளத்துக்குச் சூடு வேண்டும் என்று கேட்டவர் சந்திரமதி. கேட்ட இடம், சிங்கப்பூர் காத்தோங்கில் உள்ள எங்கள் கொண்டோ அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுக் கூட்டம். குழுத் தலைவர் சுந்தரேசன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எதுக்கு?" என்றார்.

நியாயமான கேள்விதான். பதிலும் நியாயமானது. இரண்டு இருபது மாடிக் கட்டடங்களுக்கு நடுவே கிடக்கிறது எங்கள் குளம். கல்யாண வீட்டுக்கு வரும் பெரிய மனிதரைப்போல வெயில் அங்கே பத்து நிமிடம் நின்று, படம் எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் போய்விடும். தண்ணீர் எப்போதும் இருபத்தாறு டிகிரி.

சந்திரமதி ரயில் நிலைய மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. வலது முழங்காலுக்கு மட்டும் வயது இரண்டு மாதம். அதை அண்மையில்தான் மாற்றியிருந்தார்கள். புது முழங்கால் தொண்ணூறு டிகிரி மடங்க வேண்டும், முப்பது டிகிரித் தண்ணீரில் மடக்கிப் பழகுங்கள் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். இருபத்தாறில் அது எழுபதோடு நின்றுகொண்டது. மாத முடிவுக்குள் மடங்காவிட்டால் மயக்க மருந்து கொடுத்து டாக்டரே பிடித்து மடக்குவாராம். அதற்குத் தேதியும் குறித்தாயிற்று.

சுந்தரேசனோ தினமும் காலை ஆறு மணிக்கு அந்தக் குளிரில் நாற்பது சுற்று நீந்துபவர். அறுபத்தெட்டு வயதில் தமக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மனைவியோடு வாக்குவாதம் எதுவும் இல்லாததற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று நம்புபவர். ஆனாலும் ஓட்டெடுப்பில் தோற்றார். தோற்ற கையோடு தீர்மானத்தைத் தானே எழுதினார்: மாதக் கடைசி ஞாயிறு நண்பகல் பன்னிரண்டுக்குள் குளத்து நீர் முப்பது டிகிரியைத் தொட வேண்டும், தொடாவிட்டால் பொருத்திய சூடாக்கும் கருவிகள் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும்.

கருவிகளைப் பொருத்த வந்தவர் சேதுபதி. புதுக்கோட்டைக்காரர், பூன் லேயில் தங்கியிருக்கும் பைப் ஃபிட்டர். கார் நிறுத்தும் கட்டடத்தின் மொட்டை மாடியில் கறுப்புக் குழாய்த் தட்டிகளைப் பாய் விரித்ததுபோல் வரிசையாகப் பரப்பினார். குளத்துத் தண்ணீர் பம்ப் வழியாக மேலே போய், அந்தக் குழாய்களில் வெயில் காய்ந்து, கீழே திரும்பி வரும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் எப்போது மேலே போக வேண்டும் என்பதை ஒருவர் சொல்ல வேண்டும்.

"இவர்தாம்மா முதலாளி," என்று தட்டியின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒட்டியிருந்த சென்சாரைக் காட்டினார் சேதுபதி. "குளத்தைவிட மேல அஞ்சு டிகிரி அதிகம் இருக்குன்னு இவர் சொன்னாத்தான் கீழ வால்வு திரும்பும். இவர் சொல்லலன்னா நாம தலைகீழா நின்னாலும் தண்ணி மேல ஏறாது."

சந்திரமதி அந்த முதலாளியை மரியாதையோடு பார்த்தார். சுந்தரேசன் சென்சாரைப் பார்க்கவில்லை. "மேன்யுவல் இருந்தா குடுங்க, படிச்சுட்டுத் தரேன்," என்றார். எண்பத்து நான்கு பக்கம். கட்டுப்பாட்டுப் பெட்டியின் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

முதல் இரண்டு நாளில் தண்ணீர் இருபத்தெட்டைத் தொட்டது. மூன்றாம் நாள் ஆயுத பூஜை. வீட்டில் மிக்ஸிக்கும் லேப்டாப்புக்கும் பொட்டு வைத்து முடித்த சந்திரமதி, நன்றி மறக்காதவராக, லிஃப்டில் மொட்டை மாடிக்குப் போனார்.

மறுநாளிலிருந்து குளம் குளிரத் தொடங்கியது.

"தம்பி, இருபத்தேழுக்கு இறங்கிடுச்சு," என்று போன் செய்தார்.

"பெட்டில கண்ணாடி வழியா பாருங்கம்மா. மேல என்ன காட்டுது?"

"இருபத்தொம்பது."

"அப்ப மேகமா இருக்கும்."

"மேகமா? இங்க காக்கா கூட நிழல் தேடி நடக்குது தம்பி!"

"சென்சார்ல தூசி, இலை, ஏதாவது அடைச்சிருக்கா?"

"ஒண்ணுமே இல்ல. தினமும் நானே போய்ச் சுத்தமா வெச்சிருக்கேன்."

அது பொய்யில்லை. தண்ணீர் அரை டிகிரி குறையக் குறைய, அவர் கூடுதல் சுத்தத்தோடு போய்வந்தார். பக்கத்து வீட்டு மர்யம்தான் கேட்டார்: "என்னடி சந்திரா, கால் வலிக்க வலிக்க தினம் மேல எங்க போறே?"

"முதலாளியைப் பார்க்க."

"சரி. என் பங்குக்கு நானும் துஆ கேக்குறேன். ஆனா வால்வு எப்படித் திரும்பும்னு எனக்குத் தெரியாது லா."

அந்த வாரம் சுந்தரேசனுக்கும் திடீரென்று பக்தி வந்தது. கோயில் திருவிழா வந்தால் வெளியூர் போய்விடுகிற மனிதர், தினமும் லிட்டில் இந்தியாவுக்கு பஸ் பிடித்து, பஃபலோ ரோட்டில் மாலை வாங்கிவந்து மேலே வைத்துவிட்டுப் போனார். சந்திரமதிக்குக் கண் கலங்கியது.

சேதுபதிக்கு விடுமுறை கிடைத்தது அந்தக் கடைசி ஞாயிறன்றுதான். பதினொன்றேகால் மணிக்கு வந்தார். சுந்தரேசன் குளத்தோரம் நாற்காலி போட்டு, வெப்பமானியும் தீர்மான நகலும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். இருபத்தாறரை. சேதுபதி நேரே மொட்டை மாடிக்கு ஏறினார், பின்னாலேயே சந்திரமதியும்.

மேலே போனதும் சேதுபதி தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றினார். கால் சுட்டதும் மறுபடி போட்டுக்கொண்டார்.

சென்சார் இருந்த இடத்தில் ஒரு சன்னிதி இருந்தது. இட்லி மாவு கனத்துக்கு ஈரச் சந்தனம். அதன்மேல் குங்குமம். எலுமிச்சம்பழம். இரண்டு சுற்று மல்லிகை மாலை. எல்லாவற்றுக்கும் மேலே, வெயிலுக்கு மறைப்பாக, ஒரு மடக்குக் குடை.

"அம்மா... இது யாரு?"

"நீங்கதானே தம்பி சொன்னீங்க, இவர்தான் முதலாளின்னு? ஆயுத பூஜைக்கு ஆரம்பிச்சேன். தண்ணி குளிர்ந்துச்சா, ஏதோ குறை வெச்சுட்டோமோன்னு சந்தனத்தைக் கொஞ்சம் கூட்டினேன்."

"அம்மா, இவருக்கு வெயில் படணும். அவர் வேலையே அதுதான். நீங்க ஏசி ரூம்ல உக்கார வெச்சிருக்கீங்க!"

சேதுபதி மாலையைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது, ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல.

"மாலையும் நீங்கதானா?"

"இல்ல, அது சுந்தரேசன் சார். குடையும் அவருதுதான். பாவம், அவருக்கு இவ்வளவு பக்தி இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"மேன்யுவலைப் படிச்சாரில்ல?" என்றார் சேதுபதி.

"முழுசும் படிச்சாராம்." சந்திரமதி சொல்லிவிட்டுச் சற்று நேரம் குடையைப் பார்த்தார். பிறகு அதை எடுத்து மடக்கினார்.

சேதுபதி கைகூப்பி, "கோவிச்சுக்காதீங்க," என்று சென்சாரிடம் சொல்லிவிட்டுச் சந்தனத்தைத் துணியால் துடைத்தார். கீழே பம்ப் அறையில் நின்ற மர்யம், போனில் எண்களை வாசித்தார்.

"முப்பத்தொண்ணு... முப்பத்தெட்டு... நாப்பத்தஞ்சு... ஏய், பெட்டில என்னமோ சுத்துதுடி! குழாய் உறுமுது!"

மணி பதினொன்று நாற்பது.

"குளம் முழுக்கச் சூடாக மூணு நாள் ஆகும்மா," என்றார் சேதுபதி மெதுவாக. "இருபது நிமிஷத்துல முடியாது."

சந்திரமதி யோசித்தார். "மேல போன தண்ணி கீழ எந்த இடத்துல வந்து விழும்?"

"ஆழம் குறைஞ்ச பக்கம். படிக்குக் கீழ, சுவத்துல ஒரு ஓட்டை."

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சந்திரமதி தண்ணீருக்குள் இருந்தார். கீழ்ப்படியில் உட்கார்ந்து, வலது முழங்காலை அந்த ஓட்டைக்கு நேராக வைத்திருந்தார். பிளாட்பாரத்தின் மறுகோடி வரை கேட்டுப் பழகிய குரலில் கூப்பிட்டார்:

"சார், இங்க அளங்க."

"அங்க எப்படி? நடுவுல அளக்கணும்."

"தீர்மானத்துல நடுவுலன்னு எழுதியிருக்கா?"

சுந்தரேசன் தாளைப் படித்தார். மறுபடியும் படித்தார். தானே எழுதி, தானே மூன்று முறை பிழை திருத்திய வாசகம். 'குளத்து நீர்' என்றுதான் இருந்தது.

"ஆனா இது ஒரு மூலைதானே..."

"மூலைன்னா குளம் இல்லையா சார்? அப்ப நான் எதுல நனைஞ்சுக்கிட்டு இருக்கேன்? மூணு நிமிஷம்தான் இருக்கு. அப்புறம், உங்க குடை படிக்கட்டுகிட்ட இருக்கு, எடுத்துக்குங்க. வெயில் ஜாஸ்தி."

சுந்தரேசன் குடை இருந்த பக்கம் திரும்பாமல் நாற்காலியை விட்டு எழுந்தார். முட்டி போட்டு, வெப்பமானியைச் சந்திரமதியின் முழங்காலருகே விட்டார். இருபத்தெட்டு. முப்பது. முப்பத்திரண்டில் நின்றது. விதியை எழுதியவர் விதியை மீறுகிறவர் அல்ல. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

"சந்திரா, உன் காலைப் பாருடி," என்றார் பம்ப் அறையிலிருந்து வந்துசேர்ந்த மர்யம்.

இவ்வளவு நேரமும் சண்டைக்கு நடுவே அந்தக் கால் தன்பாட்டுக்கு மடங்கி நீண்டு மடங்கிக்கொண்டிருந்தது. சேதுபதி பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் எல்போவை எடுத்தார். குழாய் திரும்பும் மூலையில் மாட்டுகிற, சரியாகத் தொண்ணூறு டிகிரி வளைவு. தண்ணீருக்குள் கைவிட்டு முழங்காலோடு ஒட்டிப் பிடித்தார்.

"ரெண்டு விரல் பாக்கி இருக்கும்மா."

"எடுத்துடாதீங்க, பிடிச்சுக்கிட்டே இருங்க."

சந்திரமதி பல்லைக் கடித்தார். ஓட்டையிலிருந்து சூடு வந்துகொண்டே இருந்தது. இரண்டு விரல் ஒன்றரை ஆயிற்று. ஒன்றாயிற்று. சுந்தரேசன் கையெழுத்திட்ட தாள் நனைவதுகூடத் தெரியாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம்மா... விடாதீங்க... தொட்டுடுச்சு!" என்று கத்தியவர் சுந்தரேசன்தான்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சுந்தரேசன் எழுந்து நின்று, பேனாவை மூடி, சட்டைப் பையில் செருகினார்.