பார்ஜ் எந்தக் காலில் நொண்டுகிறான்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது ஒரு நொடிதான். அமெரிக்காவின் டுலூத் நகரில், ஏரிக்கரைச் சாலையில் இருக்கும் ஒரு கால்நடை மருத்துவமனையின் முன்மேசையில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். போன மே மாதம் வயதான கணவனும் மனைவியும் கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய்க்குட்டியைக் கூட்டி வந்தார்கள். டாக்டர் ஏதோ கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் "நாலு கப்" என்றார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்றதெல்லாம் நான் ஊட்டியது.

2

தொடக்கம், முதல் முயற்சி: ஏரியிலிருந்து எழுந்த மூடுபனி லெம்பியின் சமையலறைக்குள் மெல்ல நுழைந்தபோது பார்ஜ் தன் இடது முன்னங்காலை—

வேண்டாம். மூடுபனியில் தொடங்கினால் கதை அங்கேயே படுத்துக்கொள்ளும்.

இரண்டாம் முயற்சி: பார்ஜ் ஆறு மாத நியூஃபவுண்ட்லாண்ட் இன நாய்க்குட்டி. திங்கட்கிழமை இடது முன்னங்காலில் நொண்டினான். வியாழக்கிழமை அந்தக் கால் சரியாகிவிட்டது, வலது பின்னங்காலில் நொண்டினான்.

"நடிக்கிறான் பயல்," என்றான் அர்விட், சுவரைப் பார்த்து.

இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

3

சுவரைப் பார்த்து என்று ஏன் எழுதினேன் என்றால், அக்டோபரிலிருந்து கணவன் அர்விடும் மனைவி லெம்பியும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. (லெம்பியின் இறந்துபோன தம்பியின் படகை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அர்விட் விற்றுவிட்டான். இந்தக் காரணம் போதுமா என்று மூன்று நாள் யோசித்தேன். போதும். எனக்கே கோபம் வருகிறது.) குட்டி வந்ததிலிருந்து பேச்செல்லாம் நாய் வழியாகத்தான்.

"டேய் பார்ஜ், உங்கம்மாகிட்ட சொல்லு, உப்பு தீர்ந்துபோச்சுன்னு."

"உங்கப்பன்கிட்ட சொல்லு, கண்ணைத் திறந்து பார்த்தா அலமாரியிலேயே இருக்குன்னு."

அன்றைக்கு அர்விட் அதே நாயிடம் இன்னொன்றும் சொன்னான்: "கால் சரியாகலைன்னா உன்னை விஸ்கான்சினுக்கே திருப்பிக் கொடுத்துட வேண்டியதுதான்டா." அங்கே குட்டியை விற்றவள் அதற்கு ஏழு மாதம் முடியும்வரை திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். லெம்பிக்குத் தெரியும்: நாய் போனால் இந்த வீட்டில் பேச்சே போய்விடும்.

அதனால் அவள் அன்பைக் கூட்டினாள். காலை ஆறு மணிக்கு இரண்டு கப் தீனி, மேலே பாலாடைக்கட்டி, புகைபோட்ட மீனின் தோல். எட்டு மணிக்கு அர்விட் எழுந்து காலித் தட்டைப் பார்த்து இரண்டு கப் போட்டு, கால் உறுதிப்படட்டும் என்று கால்சியம் பொடியும்* தூவினான். சாயங்காலமும் இதே கூத்து. ஒருவர் போடுவது மற்றவருக்குத் தெரியாது. பார்ஜ் இரண்டு முறையும் பஞ்சத்தில் அடிபட்டவன் போல் பார்த்தான்.

* பெரிய இனக் குட்டிகளுக்குத் தனியாகக் கால்சியம் கொடுக்காதீர்கள். தினமும் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. இங்கேயும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

4

"இடுப்புல கோளாறு இல்லைங்க," என்றார் டாக்டர் ஹால்வர்சன், எக்ஸ்ரேயைக் காட்டி. "வளர்ற எலும்புல வர்ற வலி. கால் விட்டுக் கால் தாவும். பெரிய நாய்களுக்கு வர்றதுதான், வளர்ந்ததும் போயிடும். ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடறான்?"

"நாலு கப்."

"நாலு கப்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து நாலா, ஆளுக்கு நாலா?"

பார்ஜ் ஏப்பம் விட்டான்.

பொடியை நிறுத்தச் சொன்னார். பெரிய இனக் குட்டிகளுக்கான தீனி, மொத்தமே நாலு கப். ஓட்டம், மாடிப்படி கூடாது. வலி அதிகமானால் அவர் தரும் மாத்திரை மட்டும். வீட்டில் மனிதர்களுக்கு இருக்கும் மாத்திரையைத் தொடவே கூடாது. "தடவினா விலா எலும்பு கையில தட்டுப்படணும். அதுதான் அளவு. மத்தபடி பொறுமை."

5

மதியங்களில் பார்ஜ் சமையலறைத் தரையில் தூங்கினான். வெளியே பனிக்குள் ஏதோ கப்பல் ஊதியது. தூக்கத்தில் அவனுடைய நான்கு கால்களும் ஓடின, ஒன்றுகூட நொண்டவில்லை. லெம்பி தரையில் உட்கார்ந்து இடப்பக்க விலாவைத் தடவினாள். அர்விட் வந்து வலப்பக்கத்தைத் தடவினான். நாயின் மூச்சில் இரண்டு கைகளும் ஏறி இறங்கின. அந்த வீடே தண்ணீரில் மிதப்பது போல அவளுக்கு இருந்தது.

(இங்கே அவர்கள் விரல்கள் தொட்டுக்கொண்டன என்று எழுதி, அடித்துவிட்டேன். நானும் அளவோடுதான் ஊட்ட வேண்டும்.)

தீனி இரட்டிப்பாகாமல் இருக்க அர்விட் ஒரு வழி செய்தான். அளவுக் கப்பை ஜன்னல் விளிம்பில் வைத்தான். கவிழ்த்திருந்தால் சாப்பாடு வைத்தாயிற்று, நிமிர்ந்திருந்தால் இல்லை என்று நாயிடம் ஒரே ஒரு தடவை சொன்னான். ஐந்து வாரத்தில் நொண்டல் குறைந்தது. விஸ்கான்சின் பேச்சு எழவில்லை. ஆனால் வேறு எந்தப் பேச்சும் எழவில்லை. நாய் வழியாகக் கேட்க வேண்டியதைக்கூட இப்போது கப் சொல்லிவிட்டது. லெம்பிக்கு அழுகை வந்தது.

6

முடிவு (அ): அர்விட் படகைத் திரும்ப வாங்கி வருகிறான். — அவனை எனக்குத் தெரியும், வாங்கமாட்டான்.

முடிவு (ஆ): பார்ஜ் மறுபடி நொண்ட, இருவரும் பதறி— இல்லை. பாவம் அவன், பட்டது போதும்.

ஆகவே இப்படி: ஒரு காலை. கப் தரையில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. நிமிரவும் இல்லை, கவிழவும் இல்லை. அதில் பல் தடம் இருக்கிறது. பக்கத்தில் பார்ஜ் வாலை ஆட்டுகிறான். அவனிடம் கேட்கலாம்தான், எல்லாவற்றையும் அவனிடம்தானே கேட்டாள். ஆனால் சாப்பிட்டாயா என்ற கேள்விக்கு மட்டும் அவனை நம்ப முடியாது.

அர்விட் வாசலில் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கிறான். லெம்பி அவன் முதுகைப் பார்த்து வாயைத் திறக்கிறாள்.

அந்த வாக்கியம் எனக்கு வரவில்லை. என் வீட்டில் நாய் இல்லை, கப்பும் இல்லை; வாசலில் பூட்ஸ் கட்டும் ஒருவர் இருக்கிறார், ஏழு மாதமாக அவரிடம் சொல்ல எனக்கு அது வரவில்லை. உங்களுக்கு வருமென்றால் நீங்கள் எழுதிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவன் இரண்டாவது பூட்ஸுக்கு வந்துவிட்டான்.