கபோராவுக்கு விழுந்த ஒற்றை ஓட்டு

மலேசியாவின் மூவார் நகரத்தில் பல் டாக்டர் பிரேமகுமாரைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய பிக்கப்பைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. நாலு கதவு, பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி, கன்னங்கரேல் நிறம், பெருமாள் கோயில் தேர் மாதிரி ஓர் உயரம். "பல் டாக்டருக்கு எதுக்குங்க பிக்கப்? பிடுங்குன பல்லையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போகவா?" என்று கேட்காத ஆளில்லை. டாக்டர் கோபித்துக்கொள்ளமாட்டார். கேட்டவரை நாற்காலியில் சாய்த்து, "வாயத் தொறங்க" என்பார். அதற்குமேல் யாரால் பேச முடியும்?

ஆனால் அவர் மனசைப் பறிகொடுத்த வண்டி இதுவல்ல. அதன் பெயர் கபோரா. பிரேசிலிலும் அக்கம்பக்கத்து நாடுகள் ஒன்றிரண்டிலும் மட்டுமே விற்கிற சின்ன பிக்கப். முன்னால் பார்த்தால் கார், பின்னால் பார்த்தால் பிக்கப். ஒன்பது வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு காணொளியில் பார்த்து மயங்கியவர், அது மலேசியாவுக்கு வரும் வரும் என்று அன்றிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறார். வரும் என்று அந்தக் கம்பெனி ஒரு நாளும் சொன்னதில்லை. இலவு காத்த கிளிக்காவது கடைசியில் பஞ்சு பறப்பதைப் பார்க்கக் கிடைத்தது. டாக்டருக்கு அதுவும் இல்லை.

கிளி காத்திருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. கிளியின் மனைவிக்குத்தான் கஷ்டம். அவள் பெயர் வசந்தினி, ஊரில் பேர் பெற்ற வக்கீல். மகள் லோஷினிக்கு வெளியூரான தெப்ராவில் வேலை கிடைத்தபோது தன் பழைய காரை அவளுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள். எனக்கு இன்னொன்று வாங்கலாமே என்று கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்: "கபோரா வரட்டும் வசந்தி. ரெண்டு பேருக்கும் அது ஒன்னே போதும்."

அதுவரை அந்தத் தேரில்தான் ஏற வேண்டும், அந்தத் தேரிலிருந்துதான் இறங்க வேண்டும். போன வருடத்திலிருந்து வசந்தினிக்கு வலது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தது. காலைத் தூக்கி வைக்கும்போது கண்ணில் பூச்சி பறக்கும். இதை அவள் புருஷனிடம் மூச்சுவிடவில்லை. காரணம் உண்டு. அவள் அவரைவிட நாலு மாதம் மூத்தவள். கல்யாணமான நாளிலிருந்து அதைச் சொல்லிச் சீண்டுவது டாக்டருக்குப் பொழுதுபோக்கு. முட்டி வலி என்று வாயைத் திறந்தால் ஆயுசுக்கும் அவர் வாயை மூடமாட்டார். அதனால் ஏறும்போது கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி நின்று, அவர் முன்னால் ஏறிக் கண்ணாடியைச் சரிசெய்கிற நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிடுவாள். ஊரார் வழக்கையெல்லாம் பேசித் தீர்த்தவள் தன் வழக்கைப் பேச வழியில்லாமல் இருந்தாள்.

அந்த வியாழக்கிழமை கபோராவின் புது வடிவம் வெளியாயிற்று. டாக்டர் கைப்பேசியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, எழவு வீட்டு முகத்தோடு உட்கார்ந்தார்.

"கெடுத்துட்டானுங்க வசந்தி. முன்னால உருண்டையா ரெண்டு விளக்கு இருந்துச்சில்ல, லட்டு மாதிரி? அதத் தூக்கிட்டானுங்க. இப்போ தூங்கி எழுந்தவன் கண்ணு மாதிரி கோடு கிழிச்சு வச்சிருக்கான்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல இருந்தது வசந்தினிக்கு. "அச்சச்சோ" என்றாள். அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். இந்த வெறுப்பு ஆறாமல் இருந்தால் போதும், அடுத்த வாரமே ஒரு மைவி வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். தரையோடு தரையாக நிற்கும் கார், நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்காரலாம்.

கருத்துச் சொல்வதற்கென்றே டாக்டருக்கு ஒரு கூட்டம் இருந்தது. மூவார் பிக்கப் நண்பர்கள் என்று பெயர். ஞாயிறு காலை ஆற்றோரத்தில் நவ்சாத்தின் உணவகத்தில் கூடுவார்கள். பக்கத்துக் கடையில் குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே இறைச்சியும் நவ்சாத்தின் ரொட்டியும் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். அவர்களில் ஒருவர்கூடக் கபோராவைக் கண்ணால் பார்த்ததில்லை, பார்க்கப்போவதுமில்லை. அதனால் கருத்துக்குப் பஞ்சமே கிடையாது. கையில் கிடைக்கிற வண்டியைப் பற்றிப் பேசினால் யாராவது ஓட்டிப் பார்த்துவிட்டுப் பொய்யென்று சொல்லக்கூடும். கிடைக்காத வண்டியில் அந்தத் தொல்லை இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வசந்தினி வழக்கம்போல் கல்லாவருகே நவ்சாத்தின் மனைவி ஜொஹராவோடு உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தாள். காது மட்டும் ஆண்கள் மேசையில் இருந்தது. முதலில் எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. விளக்கைத் திட்டினார்கள். முகப்பைத் திட்டினார்கள். அதை வரைந்தவனின் பரம்பரையைத் திட்டினார்கள். அப்போதுதான் சபாபதி தொண்டையைக் கனைத்தார். சோபா செய்கிற தொழிற்சாலை வைத்திருப்பவர், உலகத்தில் எதையும் சோபாவால்தான் அளப்பார்.

"டாக்டர், மூஞ்சிய விடுங்க லா. பின்பக்கம் பாருங்க. பழைய வண்டியில ஒத்த சோபாதான் ஏறும். இதுல ரெண்டு பேர் உக்கார்ற சோபா ஜம்முனு படுத்துக்கிட்டுப் போகும்."

"கதவும் ரெண்டு கூட்டியிருக்கான் பாஸ்," என்றார் நவ்சாத். அரிசி மூட்டையும் காய்கறியும் உண்மையாகவே பிக்கப்பில் ஏற்றுகிற ஒரே உறுப்பினர் அவர்தான். "பின்னால சாமான், உள்ள பிள்ளைங்க. வேற என்ன வேணும்?"

டாக்டர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். சிறிதாக்கிப் பார்த்தார். "பின்பக்கம் பரவால்லதான்," என்றார். "பின்னாலேருந்து பார்த்தா அந்தக் கண்ணு தெரியாதுல்ல."

வசந்தினிக்குத் தேத்தண்ணீர் கசந்தது. அதோடு விட்டார்களா? கம்பெனிக்கு ஒரு மனு அனுப்பலாம் என்றார் நவ்சாத். மலேசியாவிலும் விற்கும்படி எல்லாரும் பெயர் போட்டுக் கேட்பது. அடுத்த ஞாயிறு ஓட்டெடுப்பு, பாதிக்கு மேல் கை உயர்ந்தால் மனு போகும். டாக்டரின் முகத்தில் ஒன்பது வருடத்துப் பழைய ஒளி திரும்ப வந்துவிட்டது. மனு போய், அதற்குப் பதில் வந்து, பதிலுக்குப் பதில் போய்... வசந்தினி தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள். இன்னொரு ஒன்பது வருடத்தை இந்தக் கால் தாங்காது என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"போன வருஷம் ஒரு நீல பிக்கப்பப் பத்தி உருகிக்கிட்டு இருந்தாங்களே, அது என்னாச்சு ஜொஹரா?" என்று சும்மா கேட்டு வைத்தாள்.

"அதுவாக்கா? நான் போய் ஒரு வார்த்தை சொன்னேன், எவ்ளோ ஸ்வீட்டா இருக்குன்னு. அலமாக், அன்னையோட சரி. அந்த வண்டி பேர எடுத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க."

வசந்தினி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். எதிர்த்தரப்பு வக்கீல்கள் அவளுடைய அந்த அமைதியைக் கண்டால் பயப்படுவார்கள். "அடுத்த ஞாயிறு சபாபதி சம்சாரம் வாசுகியையும் வரச் சொல்லு," என்றாள்.

அடுத்த ஞாயிறு, ஓட்டெடுப்பு தொடங்கும் நேரம் பார்த்து மூன்று பெண்களும் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு ஆண்கள் மேசையில் வந்து உட்கார்ந்தார்கள். சாத்தே குச்சிகள் பாதி வழியில் நின்றன.

"அந்தக் கபோரா படத்தக் கொஞ்சம் காட்டுங்களேன்," என்றாள் வசந்தினி. பார்த்தாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ, என்ன அழகு! கண்ணப் பாரேன் ஜொஹரா, பூனைக்குட்டி சோம்பல் முறிக்கிற மாதிரி."

"பசாருக்குப் போய்ட்டு வர அம்சமான காடி, அக்கா," என்றாள் ஜொஹரா. "பின்னால கூடைய வச்சா கறிவேப்பிலகூட வாடாது."

"எனக்கு ஒன்னு வாங்கிக் குடுங்க," என்று வாசுகி கணவரின் தோளைத் தட்டினாள். "பின்னால ரோஜாத் தொட்டி அடுக்கி வச்சிட்டு கோயிலுக்கு ஓட்டிக்கிட்டுப் போவேன். அந்தப் பழுப்பு கலரு என் பட்டுச் சேலைக்கு அப்படியே பொருந்தும்."

சபாபதி நெளிந்தார். ரோஜாத் தொட்டி என்ற சொல் அவரை எங்கேயோ தைத்துவிட்டது. ரெண்டு பேர் சோபாவின் பேச்சையே அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. "நல்லா யோசிச்சா, பின்பக்கம் கொஞ்சம் குட்டைதான்," என்று முணுமுணுத்தார். நவ்சாத்துக்குத் திடீரென்று எஞ்சின் பலம் போதாது என்று தோன்றிவிட்டது. மேசையைச் சுற்றி ஒவ்வொரு தலையாகக் கவிழ்ந்தது. வசந்தினி சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். மைவியின் இருக்கை உறையை எந்த நிறத்தில் போடலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"சரி, மனு அனுப்பலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க," என்றார் நவ்சாத். அவர் கையே எழவில்லை. சபாபதி கைகளை மேசைக்கடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு கை எழுந்தது. டாக்டர் பிரேமகுமாருடைய கை.

"டாக்டர், நீங்கதானே மொதல்ல அந்த விளக்கத் திட்டுனது?" என்று சபாபதி சிரித்தார். "என்ன டாக்டர், நீங்களும் ரோஜாத் தொட்டி ஏத்தப் போறீங்களா?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பில் மேசையே அதிர்ந்தது. டாக்டர் கையை இறக்கவில்லை.

"நல்ல வண்டி," என்றார். "நீங்க யாரும் வேணாம். மனுவ நானே அனுப்பறேன். கீழ ரெண்டு பேர் இருக்கும், என் பேரும் என் சம்சாரம் பேரும்."

வசந்தினியின் சிரிப்பு அங்கேயே செத்துப்போயிற்று.

இருவரும் வண்டிக்கு வந்தார்கள். அவள் வழக்கம்போல் கைப்பையைத் துழாவிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தியதும் கேட்டாள்.

"என்னங்க நீங்க, எல்லாரும் சிரிக்கிறாங்க. எதுக்குக் கை தூக்குனீங்க?"

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க," என்று டாக்டர் எஞ்சினைக் கிளப்பினார். "ஒன்பது வருஷமா நான் காட்டுன ஒரு வண்டியையும் நீ ஏறெடுத்துப் பார்த்ததில்ல. இன்னைக்கித்தான் மொத தடவையா ஒன்ன நல்லாருக்குன்னு சொல்லியிருக்க. எனக்கு அந்த விளக்கு பிடிக்கலதான். அதனால என்ன? நீ ஓட்டப் போற, நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். உள்ள உக்காந்திருக்கறவனுக்கு வெளிய இருக்கற விளக்கு தெரியவா போகுது?"

வசந்தினிக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இப்படி ஒரு மனுஷனைக் கட்டிக்கொண்டு சூழ்ச்சி செய்வதும் பாவம், செய்யாமல் இருந்தால் காலும் போய்விடும். பேசாமல் இருந்தால் மனுவில் தன் பெயரும் சேர்ந்து பிரேசிலுக்குப் போய்விடும் என்று பட்டதும் வாயைத் திறந்தாள்.

"எனக்கு அது பிடிக்கலைங்க."

"எது?"

"கபோரா. பழசும் பிடிக்கல, புதுசும் பிடிக்கல. நான் சொன்னது அத்தனையும் பொய். நாங்க நல்லாருக்குன்னு சொன்னா உங்க கூட்டாளிங்க வேணாம்பாங்கன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். எனக்கு ஒரு சின்னக் காடி போதும். முட்டி வலிக்குது. ஒரு வருஷமா வலிக்குது. இந்த வண்டியில என்னால ஏற முடியல."

டாக்டர் எஞ்சினை அணைத்தார். பிறகு தன் பக்கம் இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து அவள் கதவைத் திறந்தார்.

"எறங்கு."

"எதுக்கு?"

"எறங்கிக் காட்டு. எப்படி எறங்கறன்னு நான் பாக்கணும்."

அவள் முதல் தடவையாக எதையும் மறைக்காமல் இறங்கினாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, இடது காலைத் தொங்கவிட்டுத் தரையைத் தேடி, வலது காலைப் பின்னால் இழுத்து, வாய்விட்டு "அம்மா" என்றாள். டாக்டரின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. தன் நாற்காலியிலேயே ஒரு வருடமாக உட்கார்ந்திருந்தவருக்குச் சொத்தைப் பல் இருந்ததைப் பார்க்காமல் விட்டுவிட்ட மாதிரி ஆகிவிட்டார் மனுஷன்.

"ஏன் சொல்லல?"

"கிழவின்னு சொல்லுவீங்க."

"சொல்லியிருப்பேன்! சொல்லிட்டு வாங்கிக் குடுத்திருப்பேன் லா!" என்று கத்தினார். உணவகத்திலிருந்து நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. அவர் கவலைப்படவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, அவளுக்குக் கூடவே கண்ணீரும் வந்தது.

மறுநாள் மதியம் கிளினிக்கைப் பூட்டிவிட்டுக் கார் விற்கும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நடுக்கூடத்தில் ஒரு மைவி நின்றது. வசந்தினி கதவைத் திறந்து, திரும்பி, உட்கார்ந்தாள். அவ்வளவுதான். பல்லைக் கடிக்கவில்லை, பையைத் துழாவவில்லை. இரண்டு பாதமும் சமமாக உள்ளே இருந்தன. அதையே அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்தார். கதவைத் தட்டிப் பார்த்தார். முன்விளக்கின் எதிரே வந்ததும் அவர் நடை நின்றது. விற்பனைப் பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இதோட புது வடிவம் எப்பம்மா வரும்?"

"தெரியல அங்கிள். அடுத்த வருஷம் வந்தாலும் வரலாம்."

அவர் வசந்தினியின் பக்கம் திரும்பினார். அவருடைய கண்ணில் அந்த ஒளி இருந்தது.

"வசந்தி, ஒரே ஒரு வருஷந்தானே..."

"நிறத்த மட்டும் நீங்க சொல்லுங்க," என்றாள் வசந்தினி, கைப்பையைத் திறந்துகொண்டே.

டாக்டர் உற்சாகமாகிவிட்டார். வெள்ளையில் அழுக்குத் தெரியும், கறுப்பில் சூடு ஏறும், சாம்பல் நிறம் அரசாங்க வண்டி மாதிரி இருக்கும், நீலம் படத்தில் ஒரு மாதிரியும் வெயிலில் ஒரு மாதிரியும் தெரியும் என்று தொடங்கினார். விற்பனைப் பெண் மரியாதைக்குத் தலையாட்டியபடி, வசந்தினி நீட்டிய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவர் நிறங்களைப் பற்றிய தன் கருத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சிவப்பு மைவி வசந்தினியின் பெயரில் பதிவாகியிருந்தது.