வேகப் பலகை

பாலத் தூணின் விரிசலுக்குள் விரல் நுழைத்து ஆழம் பார்த்துக்கொண்டிருந்தான் கணவன். சிறுபடகைத் தூணோடு ஒட்டிப் பிடித்திருந்த மனைவி, விரைந்து வரும் விசைப்படகைக் கண்டதும், "ஏங்க, படகு வேகமா வருது!" என்று பதறினாள்.

"மெதுவா போகச் சொல்லி வேகப் பலகை வச்சிருக்குல்ல, குறைச்சிடுவான். பயந்தாங்கொள்ளி!" என்றான் அவன்.

"தூரத்துலயே குறைக்கணுங்க. கிட்ட வந்து குறைச்சா அலை எழும்பும். கையை எடுங்க!"

பலகைக்கு நேராக வந்ததும்தான் ஓட்டுநர் சட்டென்று வேகத்தைக் குறைத்தான். விசைப்படகின் பின்புறம் அமிழ்ந்து, இடுப்புயர அலை கிளம்பியது. அவள் கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் படகுக்குள் விழ, அவன் கை இருந்த இடத்தில் சிறுபடகின் விளிம்பு மோதி நொறுங்கியது.

"குறைச்சுட்டேனே அக்கா, இன்னும் என்ன?" என்று ஓட்டுநர் கத்தினான்.

அவள் கணவனின் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.